ஆணியில்லாக் கப்பல்கள்

மரக்கலம் எனில் மரமும் இரும்பும் சேர்ந்த கட்டுமானம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயின், இந்துமாக்கடலில் பல நூற்றாண்டுகள் ஓடிய கலங்களுட் பல, ஓர் இரும்பு ஆணியும் இன்றித் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி அடிக்கத் தெரியாதோர் தைத்தனர் என்று கருதுவோர் உளர். அக்கருத்து பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ் துறையில் இத்தகைய கலங்களைக் கண்ட மார்க்கோ போலோ, அவை மிக மோசமானவை, ஆபத்தானவை என்று எழுதினார். அவருக்கு முன்னரே, 1183இல், செங்கடலின் ஐதாப் துறையில் அவற்றைப் பார்த்த இப்னு ஜுபைருக்கும் அவற்றின் உறுதியில் நம்பிக்கை பிறக்கவில்லை. எனினும் அவர் வேலைமுறையை நுணுகி நோக்கினார். தேங்காய் மட்டையைத் தட்டி நாராக்கி, முறுக்கிக் கயிறாக்கிப் பலகைகளைத் தைத்தனர். பிறகு சுறா எண்ணெய் போன்றவற்றைப் பூசினர். மரம் இளகி வளைந்துகொடுக்கவே இப்பூச்சு என்றும், பாறைகள் மலிந்த அக்கடலில் ஆணியடித்த கலங்கள் செல்வதில்லை என்றும் அவரே காரணம் கூறுகிறார். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதாவும் இதையே உரைத்தார்: பாறையில் மோதினால் ஆணிக்கலம் உடையும்; தைத்த கலம் நெகிழும்.

இவ்விளக்கத்திற்குச் சான்று தேடி நாம் செங்கடல் வரை செல்ல வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் அமையும் வரை, சென்னைக் கரையில் ஆட்களையும் சரக்கையும் இறக்கியவை மசூலாப் படகுகள். அவையும் கயிற்றால் தைக்கப்பட்டவையே. அலை அறையும் அக்கரையில் ஐரோப்பியரின் விறைப்பான படகுகள் நொறுங்கும் என்பதால், ஆணியில் தேர்ந்த ஆங்கிலேயரும் மசூலாவிலேயே கரையேறினர்!

இத்தொழிலுக்கு உயிர்நாடி கயிறு. மாலத்தீவின் தென்னைநார்க் கயிறு இந்தியாவுக்கும் யமனுக்கும் ஏற்றுமதியானதை, அங்கே காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா குறித்துள்ளார். ஓமானியர் தென்னந்தீவுகளுக்குச் சென்று, தென்னையிலிருந்தே பலகை, கயிறு, பாய், பாய்மரம் அனைத்தும் ஆக்கிக் கலம் சமைத்து, அதில் தேங்காயும் ஏற்றித் திரும்பினர் என்பது அபூ ஸைத் அஸ்ஸீராஃபி தரும் செய்தி.

தைத்த கலம் எவ்வளவு தொலைவு செல்லும்? 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் கண்டறியப்பட்ட கலம் இதற்கு விடை தருகிறது. அதில் சுமார் 60,000 சீன மட்கலங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு இணையான சீன ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அது அப்பாசியக் கலீஃபா மஅமூனின் காலம். அக்கலத்தின் மாதிரியில் ஓமானில் கட்டப்பட்ட 'மஸ்கத்தின் மாணிக்கம்' 2010இல் மஸ்கத்திலிருந்து கொச்சி, காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெலித்துங் கலத்தின் கட்டுமுறை மேலைக்கடலுக்குரியது என்பதால், அதில் இருந்தோர் யாவரும் அரபியரே என நாம் கொண்டுவிடலாகாது. பலகை அதில் பணிபுரிந்தோரின் இனத்தைச் சொல்வதில்லை. மொழி ஓரளவு சொல்லும். கலத்தை வழிநடத்துவோரை அரபியர் 'முஅல்லிம்' என்றனர். ஆசான் என்பது அதன் பொருள். அதுவே தமிழில் 'மாலுமி' ஆயிற்று. இன்று கப்பலில் பணிபுரியும் எவரையும் அச்சொல் குறிக்கிறது.