வலி வரும் முன்னே வழி பார்ப்போம்



இந்த மாதப் பாடம் பிரசவ ஏற்பாடு பற்றியது. "இதுல என்ன பாடம்? எங்க பாட்டி வீட்லயே பத்துப் பெத்தா" என்று சிலர் சொல்லுவாங்க. பத்துப் பெத்தது நிஜம். பத்தும் தங்குச்சா? பெத்தவங்க எல்லாரும் பிழைச்சாங்களா? அதையும் அந்தப் பாட்டிகிட்டயே கேட்டுப் பாருங்க.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கின்றன. 2018-20 கணக்குப்படி, உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். இந்தியா முழுவதும் பார்த்தால் அது 97. நாம் பரவாயில்லை என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்த 54 பேரில் ஒருத்தி நம்ம தெருவில் இருந்தால், அந்த வீட்டுக்குக் கணக்கு எதற்கு?

மூன்று தாமதங்கள்

தாய் இறப்பதற்கு முக்கியக் காரணம் மூன்று தாமதங்கள் என்று 1994-ல் இரண்டு பெண் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதும் சுகாதாரப் பணியாளர்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

1. போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம்.
2. கிளம்பிப் போய்ச் சேருவதில் தாமதம்.
3. போன இடத்தில் சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

முதல் இரண்டும் ஊருக்குள்ளேயே நடப்பவை. அவற்றைக் குறைப்பது நம்ம கையில்தான் இருக்கிறது.

நம்ம பக்கத்து நிலைமை

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, விஜயகரிசல்குளம் பக்கம் காலையில் வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலைக்குப் போய்விடுகிறது. பகல் 11 மணிக்குத் தெருவில் யார் இருக்கிறார்கள்? வயசானவங்களும் சின்னப் பிள்ளைகளும்தான். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது நம்ம உயிருக்காக உள்ள விதி, நல்ல விதிதான். ஆனால் வீட்டில் மனைவிக்கு வலி எடுத்தால் புருஷனுக்கு எப்படித் தெரியும்? ராத்திரியில் ஆட்கள் இருப்பார்கள், பஸ் இருக்காது. சிவகாசியும் சாத்தூரும் பகலில் பக்கம், நடுராத்திரியில் தூரம்.

ஆகவே பகலுக்கு ஓர் ஏற்பாடு, ராத்திரிக்கு ஓர் ஏற்பாடு என்று இரண்டாகத் திட்டம் போட வேண்டும்.

பிரசவம் யார் பார்ப்பது?

உடம்பில் வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிக்குப் பயிற்சி பெற்ற செவிலியரே பிரசவம் பார்க்கலாம். 2000-க்குப் பிறகு தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் ஷிப்ட் முறையில் வேலை செய்யும் ஏற்பாடு வந்தது. ராத்திரியிலும் பிரசவம் பார்க்க முடிந்தது. இலங்கையிலும் 1926-ல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கி, மருத்துவ மாதர் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்து, சிக்கல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த முறை நாடு முழுவதும் பரவி, அங்கே தாய் இறப்பு வெகுவாகக் குறைந்தது. செவிலியரின் கைத்திறமை, அவருக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரி, நடுவில் ஒரு வண்டி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

மருத்துவச்சி பாட்டிமார்களை நாம் ஒதுக்கவில்லை. கையைப் பிடித்துத் தைரியம் சொல்வதில் அவர்களுக்கு ஈடு இல்லை. ஆனால் குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கை நிறுத்தப் போடுகிற ஊசியும், ரத்தம் ஏற்றுகிற வசதியும் வீட்டில் கிடையாது. ரத்தம் நிற்காமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம். 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

"ஆஸ்பத்திரியில திட்டுவாங்க, தனியாப் படுக்கப் போட்டுருவாங்க" என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் பெண் துணை ஒருவர் உடனிருக்க அனுமதி உண்டு. அம்மாவோ, மாமியாரோ, மதினியோ, யார் துணை என்று முன்னாடியே முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே பிரசவம் ஆன பெண்ணாக இருப்பது நல்லது.

யார் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை உள்ளவர்கள், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள், ரத்த அளவு 7 கிராமுக்குக் கீழ் இருப்பவர்கள், போன பிரசவத்தில் அதிக ரத்தம் போனவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், 35-ஐத் தாண்டியவர்கள். இவர்கள் எங்கே பிரசவம் பார்ப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆபரேஷனும் ரத்தமும் 24 மணி நேரமும் கிடைக்கிற இடத்தை 'சீமாங் மையம்' என்பார்கள். "எனக்குப் பக்கத்துல சீமாங் மையம் எது?" என்று செவிலியரிடம் கேட்டு அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள்.

திட்டம் போடும் முறை

மூன்று மாதத்துக்குள்: கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண் தேவை. 1987-ல் 300 ரூபாயுடன் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் வரை உதவி உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள ஆலையில் வேலை செய்கிறவர்கள் கார்டை எடுத்துப் பாருங்கள். முந்தைய இரண்டு சந்தா காலத்தில் 70 நாள் சந்தா கட்டியிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் வரை பேறுகால உதவி கிடைக்கும். கூலி போய்விடுமே என்று ஒன்பதாம் மாதம் வரை மருந்து ரூமில் உட்கார வேண்டிய கட்டாயம் குறையும்.

நாலாம் மாதம் முதல்: இரும்புச்சத்து மாத்திரை தினமும். டீயோடு சேர்த்துச் சாப்பிட்டால் சத்து ஒட்டாது, ஒரு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் பிரஷர், ரத்தம், சிறுநீர், எடை நான்கும் பார்த்தார்களா என்று கேளுங்கள். மாதம் 9-ந் தேதி டாக்டரே கர்ப்பிணிகளைப் பார்க்கும் முகாம் 2016 முதல் நடக்கிறது.

ஏழாம் மாதம்: தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவது நம்ம வழக்கம். வளைகாப்பு முடிந்து வளையலோடு போகிற பெண், பரிசோதனை அட்டையையும் கொண்டுபோக வேண்டும். இங்கே உள்ள செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அங்கே போன வாரமே அந்த ஊர்ச் செவிலியரைப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு ஊர்ப் பதிவேட்டிலும் அந்தப் பெண் காணாமல் போய்விடுவாள்.

எட்டாம் மாத முடிவுக்குள்: கடைசியாகத் தலைக்குக் குளித்த முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் உத்தேசத் தேதி வரும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. சரியாக அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் குறைவு. மூன்று வாரம் முன்னாடியும் வலி வரலாம். ஆகவே கீழே உள்ளவற்றை அதற்குள் தயாராக வையுங்கள்.

- பகலில் கூட வருபவர் ஒருவர், ராத்திரியில் கூட வருபவர் ஒருவர்.
- 108 எண். அது வரத் தாமதமானால் கூப்பிட, ஊருக்குள் ஆட்டோ அல்லது வேன் வைத்திருக்கும் இரண்டு பேரின் எண்கள்.
- கணவர் வேலை செய்யும் ஆலையின் அலுவலக எண். போர்மேனிடமோ கணக்குப்பிள்ளையிடமோ முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.
- ரத்த வகை எழுதிய அட்டை, ரத்தம் கொடுக்கத் தயாராக இரண்டு பேர்.
- துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணிகள், அட்டை, ஆதார், பாஸ்புக் எல்லாம் ஒரே பையில்.
- வீட்டில் உள்ள மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ரத்தம் படுதல், கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல், பனிக்குடம் உடைதல். இதில் ஒன்று வந்தாலும் வலி எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. "அவர் வரட்டும், கேட்டுட்டுப் போவோம்" என்பதும் கூடாது. அந்த அனுமதியை எட்டாம் மாதத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் பிரசவம் வேகமாக நடக்கும், ஆகவே வலி ஆரம்பித்ததுமே கிளம்புங்கள்.

வழியிலேயே குழந்தை வந்துவிட்டால் பதறாதீர்கள். 108-க்குப் பேசிக்கொண்டே இருங்கள். குழந்தையை இழுக்க வேண்டாம், வயிற்றை அமுக்க வேண்டாம். பிறந்ததும் சுத்தமான துணியால் துடைத்து, தாயின் நெஞ்சோடு ஒட்டிப் போட்டு மூடுங்கள். வீட்டு பிளேடால் கொடியை அறுக்க வேண்டாம், கொடியைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். சீம்பால் உடனே கொடுங்கள், கர்ப்பப்பை சுருங்க அது உதவும். பிறகு தாயும் பிள்ளையும் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழு என்ன செய்யலாம்?

நம்ம குழுவில் கல்யாணச் செலவுக்கும் காதுகுத்துக்கும் உள்கடன் கொடுக்கிறோம். பிரசவ வண்டிக்கு நடுராத்திரியில் 1,000 ரூபாய் வேண்டுமென்றால் யாரிடம் போவது? கூட்டம் கூடி, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற பணம் அந்த நேரத்துக்கு உதவாது. அவசர நிதியாக ஒரு சிறு தொகையை ஒதுக்கி, ஊக்குநர் அல்லது பிரதிநிதி கையில் வைத்து, பணம் கொடுத்த பிறகு அடுத்த கூட்டத்தில் கணக்கு எழுதலாம் என்று இப்போதே தீர்மானம் போடுங்கள்.

பகலில் ஊரில் இருக்கும் உறுப்பினர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். தீப்பெட்டிக் கட்டு ஒட்டுகிறவர், கடை வைத்திருப்பவர், சத்துணவு வேலை பார்ப்பவர் என்று நாலு பேராவது இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அவர்களில் ஒருத்தர் பொறுப்பு.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம்ம குழுவிலும், உறுப்பினர் வீடுகளிலும் இப்போது கர்ப்பிணிகள் எத்தனை பேர்? உத்தேசத் தேதி என்ன?
2. பகல் துணை, ராத்திரி துணை யார்?
3. வண்டி எண்கள் யாரிடம் இருக்கின்றன? கூப்பிட்டுப் பார்த்தீர்களா?
4. அவசர நிதி எவ்வளவு? யார் கையில்?

நான்கு கேள்விக்கும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, மாதா மாதம் புதுப்பியுங்கள். கிராம சுகாதார செவிலியரையும் ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். பிள்ளை எப்போது பிறக்கும் என்பது நம்ம கையில் இல்லை. பிறக்கும்போது அந்தப் பொண்ணு தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது நம்ம கையில் இருக்கிறது.