துணி வாட்ச் வார்: கொள்முதலுக்கு முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்

மளிகைக் கடைக்கும் வாட்ச் வாருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். பேட்டரி செல், ஷேவிங் பிளேடு, ஹேர்பின், பேனா ரீஃபில் எல்லாம் நம் கல்லாவுக்கு மேலே அட்டை அட்டையாகத் தொங்குகின்றன அல்லவா? அவற்றுக்கு உள்ள சம்பந்தம்தான் இதற்கும். அதிலும் நம் ஊர் வெயிலுக்குத் தோல் வார் தாங்குவதில்லை. வியர்வையில் ஊறி, நாற்றம் எடுத்து, துளை இருக்கும் இடத்தில் விரிசல் விட்டுவிடும். ஆகவே நெய்த நாடாவில் வெல்க்ரோ வைத்துத் தைத்த வாருக்கு எப்போதும் கிராக்கி இருக்கிறது. நானும் அந்தக் கிராக்கியை நம்பித்தான் ஒரு முறை பத்து டஜன் வாங்கினேன்.

நகரத்தில் மொத்த வியாபாரி ஒருவர் கொடுத்த சரக்கு அது. பார்வைக்குப் பளபளப்பு, விலையும் மலிவு. மூன்று டஜன் விற்பதற்குள் திரும்பி வர ஆரம்பித்துவிட்டது. ஒருவர் மணிக்கட்டைக் காட்டினார். ஓரம் பட்ட இடமெல்லாம் சிவந்து கோடு விழுந்திருந்தது. அதைக்கூடச் சமாளித்திருப்பேன். பல வருஷமாக என்னிடம் மாதக் கணக்கு வைத்திருந்த கொத்தனார் ஒருவர், கிணற்றுக் கட்டை பூசும்போது கை நீட்டியதும் வார் பிரிந்து வாட்ச் உள்ளே போய்விட்டது. அது அவர் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச். அவர் சண்டை போடவில்லை. பாக்கியைத் தீர்த்துவிட்டு அடுத்த மாதத்திலிருந்து வேறு கடைக்குப் போய்விட்டார். வாரில் கிடைத்த லாபத்தையும், அந்த வீட்டு அரிசி பருப்புக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் என் சாமர்த்தியம் விளங்கிவிடும்.

மிச்சமிருந்த வாரில் நாலைப் பக்கத்துத் தையல்காரரிடம் கொண்டுபோய்த் தையலைப் பிரித்துப் போட்டு இருவரும் பார்த்தோம். அப்போது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெல்க்ரோ எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிய வேண்டும். கொல்லைப் பக்கம் போய்வந்தால் நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதே வேலைதான். சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்சினீயர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1940களில் தம் நாயின் ரோமத்தில் ஒட்டிய ஒரு முள்விதையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதில் நுண்ணிய கொக்கிகள் இருப்பதைக் கண்டு, ஒரு பக்கம் கொக்கியும் மறு பக்கம் கண்ணியுமாக நைலானில் செய்து, 1955-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நிலவுக்குப் போன அமெரிக்கர்கள் விண்வெளி உடைக்கு மேலே வாட்ச் கட்ட இதைத்தான் பயன்படுத்தினார்கள். 1969-ல் ஆல்ட்ரின் நிலவில் இறங்கியபோது கட்டியிருந்த ஒமேகா வாட்ச்சுக்கு நீளமான வெல்க்ரோ வார். தடித்த கையுறையோடு பக்கிள் மாட்ட முடியுமா?

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். கொக்கியும் கண்ணியும் சேர்ந்தபின் நீளவாட்டில் இழுத்தால் லேசில் விடாது. நுனியைத் தூக்கி உரித்தால் ஒரு குழந்தைகூடப் பிரித்துவிடும். வாரின் நன்மை தீமை எல்லாம் இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது. என்னிடம் வந்த மட்டமான சரக்கில் இரண்டு முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டும் அமைப்பு. மேல் முனையின் அடிப்பக்கம் கொக்கி. முழு இழுப்பும் அந்த ஒட்டின்மேலேயே விழுகிறது. போதாக்குறைக்கு, பெரிய கையாக இருந்தால் இரண்டு முனையும் சேரும் இடம் குறைந்து, ஒட்டு வெறும் ஒரு விரல் அகலத்தில் நிற்கிறது. கொத்தனாரின் கை பெரிய கை. சின்னக் கையாக இருந்தாலோ, கொக்கித் துண்டு கண்ணியைத் தாண்டி நீட்டிக்கொண்டு தோலைப் பிறாண்டுகிறது. பிடிப்பு, சுகம் இரண்டும் ஒரே தப்பினால் கெட்டன.

நல்ல அமைப்பு வேறு. வாரின் ஒரு நுனியில் ஒரு வளையம் இருக்கும். மறு நுனி அந்த வளையத்துக்குள் போய், வெளிப்புறமாக மடிந்து, வாரின் முதுகிலேயே ஒட்டும். இதில் வளையத்தின் இழுப்பை மடிந்த இரண்டு பக்கமும் பங்கிட்டுக் கொள்வதால் ஒட்டின்மேல் பாதி பாரம்தான் விழுகிறது. கொக்கியும் கண்ணியும் வாரின் வெளி முகத்திலேயே தைக்கப்படுவதால் தோல் படும் பக்கம் நாடா மட்டுமே இருக்கும். கொள்முதலின்போது இந்த ஒன்றையாவது பாருங்கள்: கொக்கி எந்தச் சமயத்திலும் தோலைப் பார்க்கக் கூடாது.

ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை அறியாமல்தான் ‘எல்லாக் கைக்கும் பொருந்தும்’ என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள். ஒரு காகிதக் கீற்றை மடித்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். வாரை ஒரு செ.மீ. இறுக்கினால் மடிப்பு ஒரு செ.மீ. நகர்கிறது, மடிந்த நுனியோ இரண்டு செ.மீ. நகர்கிறது. உதாரணமாக, வளையத்திலிருந்து நுனி வரை 23 செ.மீ. வார் என்று வைத்துக்கொள்வோம். 18 செ.மீ. சுற்றளவுள்ள கையில் 5 செ.மீ. மடிந்து, நுனி வளைய முனையிலிருந்து 13-ஆவது செ.மீ.-ல் நிற்கும். 15 செ.மீ. கையில் 8 செ.மீ. மடிந்து, நுனி 7-ஆவது செ.மீ.-க்கு வந்துவிடும். கை வித்தியாசம் 3, நுனி நகர்ந்தது 6. கொக்கித் துண்டு 3 செ.மீ. என்றால், அது எங்கே நின்றாலும் அடியில் கண்ணி இருக்க 9 செ.மீ. கண்ணி தைக்க வேண்டும். கை வித்தியாசத்தை இரண்டால் பெருக்கி, கொக்கி நீளத்தைக் கூட்டினால் கண்ணியின் நீளம் வந்துவிடும்.

வளையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி 4 செ.மீ. நீள வாட்ச் உட்கார்ந்தால் அதன் இடம் 7-ஆவது செ.மீ.-ல் முடிகிறது. 15-க்கும் சின்னக் கை என்றால் நுனி வாட்ச்சில் இடிக்கும். ஆக, ஒரே வார் சிறுவனுக்கும் லோடுமேனுக்கும் ஆகாது. இரண்டு அளவாக வாங்கி வையுங்கள். இருப்பு இரண்டாகிறதே என்று தயங்க வேண்டாம். திரும்பி வரும் சரக்கைவிட அது மலிவு.

அகலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாட்ச்சில் வார் மாட்டும் இரண்டு காதுகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் அளவு. ஆண்கள் வாட்ச்சில் 18, 20, 22 மி.மீ. அதிகம் வரும். 18-ல் 20-ஐத் திணித்தால் நாடாவின் ஓரம் சுருண்டு கையை அறுக்கும்.

நாடாவுக்கு வருவோம். நீளவாட்டில் ஓடும் பாவு நூல்தான் இழுப்பைத் தாங்குகிறது; ஊடை நூல் திரும்பும் கரைதான் தோலை உரசுகிறது. வாங்கும்போது கரையை உள் மணிக்கட்டில் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். பருத்தி நாடா மெத்தென்று இருக்கும், ஆனால் 100 கிராம் உலர்ந்த பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். நைலான் சுமார் 4 கிராம், பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. வியர்வையில் பருத்தி காயாமல் கிடந்து நாற்றமெடுக்கும். என் அனுபவத்தில் மென்மையாக நெய்த நைலான்தான் நம் ஆட்களுக்குத் தோது. பிரிட்டிஷ் ராணுவமும் 1973-ல் தன் வாட்ச்சுகளுக்கு 20 மி.மீ. நைலான் நாடாவைத்தான் விதித்தது. அது வாட்ச்சின் அடியில் ஓடும் ஒரே நீள நாடா. ஒரு பின் போனாலும் வாட்ச் கீழே விழாது. கொத்தனாருக்கு நான் விற்றிருக்க வேண்டியது அந்த மாதிரி வார்.

மலிவுச் சரக்கில் நைலான் என்று சொல்லி பாலிபுரொப்பிலீன் நாடாவைத் தருவார்கள். அது விறைப்பானது, கரை கூர்மையாக இருக்கும். ஒரு துண்டு வெட்டி, காற்றுக் குமிழி போகச் சோப்புத் தண்ணீரில் கசக்கி டம்ளரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். சாயத்துக்கு ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் போதும்.

வெட்டிய நுனியைச் சூட்டால் உருக்கி அடைப்பார்கள். அதில் கட்டியாகும் விளிம்பு கண்ணாடிச் சில் மாதிரி குத்தும். நுனியை வெளிப்புறமாக மடித்துத் தைத்திருக்க வேண்டும். கொக்கித் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டியிருக்க வேண்டும். நிக்கல் முலாம் பூசிய வளையம் சிலருக்கு அரிப்பு தரும். நல்ல பிளாஸ்டிக் வளையமே போதும்.

இப்போது நான் நாடாவும் வெல்க்ரோவும் சுருளாக வாங்கி, மேலே சொன்ன அளவில் அதே தையல்காரரிடம் தைத்து வாங்குகிறேன். வாட்ச்சின் பின் இருக்கும் பகுதியில் நாடா மட்டும், வேறு தையல் கூடாது. தடிமன் கூடினால் உள்ளே போகாது. பின்னைக் கழற்றி, வாரை வைத்து, திரும்பப் பின் போட வேண்டும். அதைக் கடையிலேயே செய்து கொடுத்தால் வாடிக்கையாளர் கையை அளந்த மாதிரியும் ஆயிற்று.

பில்லில் ஒரு எச்சரிக்கை. வெல்க்ரோ என்பது ஒரு கம்பெனியின் பதிவு பெற்ற பெயர். நாம் பேச்சில் சொல்வது வேறு. நீங்களே அட்டை அச்சடித்தால் ‘ஹூக் அண்ட் லூப்’ என்று போடுங்கள்.

வாரை எப்போதும் ஒட்டிய நிலையிலேயே தொங்கவிடுங்கள். சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம். சணல் தும்பு கொக்கிக்குள் புகுந்துவிட்டால் விற்கும் முன்பே பிடிப்பு போய்விடும். அப்படி அடைத்துக்கொண்டதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குண்டூசியால் கிளறி எடுக்கலாம். வாடிக்கையாளரிடமும் இதைச் சொல்லிக் கொடுங்கள். வாரம் ஒரு முறை ஒட்டிய நிலையிலேயே சோப்பில் கசக்கி, நிழலில் உலர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.