என்எம்எம்எஸ் எழுதப் போறியா? அக்கா சொல்றதைக் கேளு

பேர் நீளமா இருக்கேன்னு மிரளாதே. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கிறதுதான் எல்லாரும் சொல்ற என்எம்எம்எஸ். எட்டாம் வகுப்புல எழுதணும். தேர்வுப் பட்டியல்ல உன் பேர் வந்துட்டா, ஒன்பதாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ முடியிற வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய், ஆக மொத்தம் 48,000, உன் பேர்ல இருக்கிற வங்கிக் கணக்குக்கே வரும். நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்குத் தர்றாங்க. அதுல தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். அரசுப் பள்ளியிலயோ அரசு உதவி பெறும் பள்ளியிலயோ படிக்கணும், வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும், ஏழாம் வகுப்புல 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50) எடுத்திருக்கணும். இது மூணும் சரின்னா, விண்ணப்பத்தை ஹெச்.எம். மூலமா போட்டுடு. கடைசித் தேதி வரைக்கும் இழுக்காதே.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். வகுப்புல முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளைகூட இந்தத் தேர்வுல தடுமாறும். ஏன்னா இதுல பாதி, எந்தப் பீரியட்லயும் நடத்தாத பாடம். மொத்தம் ரெண்டு தாள். முதல்ல மேட், அதாவது மனத்திறன். அடுத்தது சாட், பாடத்துல இருந்து வர்றது. ஒவ்வொண்ணுலயும் 90 கேள்வி, 90 நிமிஷம். ரெண்டும் சேர்த்து 40 சதவீதமாவது எடுக்கணும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32 போதும். அதுக்காக 40 சதவீதம் போதும்னு நினைச்சுக்காதே. அது வாசல்தான், இடம் கிடைக்கணும்னா அதுக்கு மேல நல்லாவே எடுக்கணும்.

அதனால ஜூன், ஜூலையிலயே மேட்டை ஆரம்பிச்சுடு. தினமும் அரை மணி நேரம் போதும், ஆனா ஒருநாளும் விடாதே. ஞாயிற்றுக்கிழமை மொத்தமா நாலு மணி நேரம் உட்கார்றேன்னு சொல்றவங்களை நான் நம்புறதில்லை. ராத்திரி தூக்கக் கலக்கத்துலயும் வேண்டாம். எண் தொடர், எழுத்துத் தொடர், தனித்தது எது, குறியீடு, ரத்த உறவு, திசை, கடிகாரம், காலண்டர், கண்ணாடி பிம்பம், பகடை, மறைஞ்சிருக்கிற உருவம். சுத்திச் சுத்தி இந்த வகைகள்தான் வரும். ஒரு வாரத்துக்கு ஒரு வகைன்னு எடுத்துக்கோ.

எண் தொடர்னா முதல் வேலை, பக்கத்துப் பக்கத்து எண்களோட வித்தியாசத்தை நடுவுல குட்டியா எழுதுறது. 3, 6, 11, 18, 27, அடுத்து என்ன? வித்தியாசம் 3, 5, 7, 9. அப்போ அடுத்தது 11, விடை 38. வித்தியாசத்துல ஒண்ணும் பிடிபடலைன்னா பெருக்கலைப் பாரு, அதுவும் இல்லைன்னா வர்க்கத்தைப் பாரு. 30 வரைக்கும் வர்க்கமும் 15 வரைக்கும் கனமும் தூக்கத்துல கேட்டாலும் வரணும். மனப்பாடம் பண்ணச் சொல்லி நான் கேக்கிறது இதை மட்டும்தான்.

எழுத்துக் கேள்விக்குத் தமிழ் மீடியம் வினாத்தாள்லயும் ஆங்கில எழுத்துதான் வரும். ஏ-ல இருந்து விரல் விட்டு எண்ணிட்டு இருந்தா நேரம் போயிடும். இ, ஜே, ஓ, டி, ஒய் இந்த அஞ்சையும் வரிசையா 5, 10, 15, 20, 25ன்னு வெச்சுக்கோ. முதல் ரெண்டு எழுத்தைத் தவிர எந்த எழுத்தைக் கேட்டாலும் இதுல ஏதோ ஒண்ணுக்கு ரெண்டு எழுத்துக்குள்ளதான் இருக்கும். பின்னாலிருந்து எண்ணச் சொன்னா, நேர் எண்ணையும் எதிர் எண்ணையும் கூட்டினா எப்பவும் 27. கே பதினொண்ணாவது எழுத்து, அதுக்கு எதிர்ல பதினாறாவது எழுத்து பி.

கடிகாரத்தைக் கண்ணாடியில பார்த்தா 3.40, உண்மையான நேரம் என்னன்னு கேப்பாங்க. படம் போடவே வேண்டாம். 11 மணி 60 நிமிஷத்துல இருந்து கழிச்சிடு, 8.20. முள்ளுக்கு நடுவுல இருக்கிற கோணம்னா கொஞ்சம் உஷாரா இரு. மூணரை மணிக்கு 90 டிகிரின்னு கை தானா போகும், விடைகள்லயும் அது பல்லைக் காட்டிட்டு நிக்கும். பெரிய முள் ஆறுல இருக்கும்போது சின்ன முள் மூணுல நிக்காது, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல போயிருக்கும். நிமிஷத்துக்கு அரை டிகிரி நகரும் அது. அதனால விடை 75. காலண்டர் கேள்விக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். சாதாரண வருஷத்துல 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம், லீப் வருஷத்துல ரெண்டு நாள். 2024 ஜனவரி 1 திங்கள். அது லீப் வருஷம், அதனால 2025 ஜனவரி 1 புதன். 2026 வியாழன்.

ரத்த உறவுல வாயால சொல்லிப் பார்த்தா குழம்பிடுவே, படம் போடு. ஆணுக்குச் சதுரம், பொண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்குப் படுக்கைக் கோடு, பிள்ளைக்குக் கீழ்க்கோடு. ஒரு பையனோட போட்டோவைக் காட்டி ஒரு பொண்ணு, "இவனோட அம்மா, எங்க அப்பாவுக்கு ஒரே மகள்"னு சொல்றா. அவ யாரு? அத்தை, சித்தின்னு எங்கெங்கேயோ போவாங்க. அவதான் அம்மா. திசைக் கேள்வியிலயும் அதேதான், தாள் ஓரத்துல ஒரு கூட்டல் குறி போட்டு வடக்கை மேல வெச்சுடு. காலையில வெயில் கிழக்குல இருக்கும், நிழல் மேற்குல விழும். இது ரெண்டை மறக்காம இருந்தா நிழல் கேள்வி எதுவும் உன்னை ஏமாத்தாது.

பகடைக்கு ஒரு சதுர ரப்பர்ல எண் எழுதித் திருப்பித் திருப்பிப் பாரு. எதிர் எதிர் பக்கம் கூட்டினா 7 வரும்னு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பாங்க. எல்லாக் கேள்வியிலயும் அப்படி வராது, படத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணு.

கடையில தலகாணி மாதிரி கைடு விப்பாங்க. வாங்கணும்னு ஆசையா இருந்தா ஒண்ணு வாங்கிக்கோ. அதைவிட உங்க டீச்சர்கிட்ட இருக்கிற பழைய வினாத்தாள் நாலஞ்சு உனக்கு அதிகமா உதவும். தப்பு விட்ட கேள்விக்கு ஒரு தனி நோட்டு போடு. விடையை எழுதாதே, ஏன் தப்பாச்சுன்னு மட்டும் ஒரு வரி எழுது: "அவசரத்துல படிச்சேன்", "வகையே தெரியலை", "கூட்டல் தப்பு". ஒரு மாசம் கழிச்சு அந்த நோட்டைப் புரட்டினா உனக்கு எங்கே இடிக்குதுன்னு உனக்கே தெரியும். பக்கத்து வீட்டுல யாராவது இதே தேர்வு எழுதினா, ரெண்டு பேரும் ஆளுக்கு அஞ்சு கேள்வி தயார் பண்ணி மாத்திக்கோங்க. கேள்வி தயார் பண்றவங்களுக்குத்தான் சூட்சுமம் முழுசா பிடிபடும்.

சாட்ல அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. கணக்கு கணக்குன்னு மட்டும் உட்கார்ற பிள்ளைகளே, அந்த 70-ஐ ஒருதடவை திரும்பிப் பாருங்க. ஏழாம் வகுப்புப் பாடம் மொத்தமும் வரும். எட்டுல எதுவரைக்கும்னு டீச்சர்கிட்ட கேட்டுக்கோ. ஏழாம் வகுப்பு புத்தகம் வீட்டுல இல்லைன்னா முதல் வேலை அதைத் தேடிப் பிடிக்கிறதுதான், தம்பி தங்கச்சியோடதா இருந்தாலும் பரவாயில்லை. பின்னாடி இருக்கிற கேள்வி பதிலை உருப்போட்டா பத்தாது. வரிக்கு வரி படி. "உங்களுக்குத் தெரியுமா?" கட்டம், படத்துக்குக் கீழே இருக்கிற எழுத்து, அட்டவணை எதையும் தாண்டாதே. பொருத்துக, கூற்று – காரணம், காலவரிசைப்படுத்துக எல்லாம் அங்கே இருந்துதான் முளைக்கும். பழைய தினசரிக் காலண்டர் தாளைத் திருப்பி நீளமா ஒட்டி, வருஷங்களை வரிசையா எழுதிச் சுவத்துல மாட்டு: 1526 பானிபட், 1565 தலைக்கோட்டை, 1757 பிளாசி, 1764 பக்சார், 1806 வேலூர், 1857 பெரும்புரட்சி. சாப்பிடும்போது கண்ணுல பட்டாலே போதும்.

நவம்பர் மாதிரி ஆனதும் வாட்சை வெச்சு எழுத ஆரம்பி. கேள்விக்கு ஒரு நிமிஷம்னு சொல்றது கணக்குக்குச் சரி, நடைமுறைக்கு ஆகாது. படக் கேள்வி சிலது ரெண்டு நிமிஷம் தின்னும். முதல் சுற்றுல பார்த்ததும் வர்றதை மட்டும் முடி, மத்ததுக்கு வினாத்தாள்ல ஒரு புள்ளி வெச்சுட்டு நகர்ந்துடு. ஆனா கேள்வியைத் தாண்டும்போது ஓஎம்ஆர் தாள்லயும் அந்த வரிசையைத் தாண்டணும். 17-ஐ விட்டுட்டு 18-க்கான விடையை 17-ல கருப்படிச்சா அதுக்கப்புறம் எல்லாமே ஒரு வரிசை ஏறிப் போயிடும். கருப்புப் பால்பாயிண்ட் பேனாவுல அடிச்சதை அழிக்க முடியாது. அதனால வீட்டுலயே நோட்டுல நாலு நாலு வட்டமா போட்டு, வட்டம் நிறைய அடிச்சுப் பழகு. தப்பு விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. கடைசி அஞ்சு நிமிஷத்துல ஒரு வட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது.

தேர்வன்னைக்கு ரெண்டு தாளுக்கும் நடுவுல இடைவேளை விடுவாங்க. அப்போ "அந்த இருபத்திமூணாவது கேள்விக்கு என்ன போட்டே?"ன்னு ஒருத்தர் ஓடி வருவாங்க. அவங்ககிட்ட இருந்து தள்ளிப் போய்த் தண்ணி குடிச்சுட்டு, கொண்டு போன பிஸ்கட்டைச் சாப்பிடு.

அம்மா அப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துல முன்கூட்டியே போட்டு வெக்கணும். ஆதார்ல, பள்ளிப் பதிவேட்டுல, வங்கிப் புத்தகத்துல மூணுலயும் உன் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பார்க்கச் சொல்லு. கணக்கு உன் பேர்ல இருக்கணும், ஆதாரோட இணைச்சிருக்கணும். பட்டியல்ல பேர் வந்ததோட வேலை முடியலை. தேசிய உதவித்தொகை இணையதளத்துல பதிவு பண்ணணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். பத்தாம் வகுப்புல 60 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 55) எடுத்தாதான் மேல ரெண்டு வருஷத்துக்கும் பணம் வரும்.

கிராமத்துப் பள்ளின்னா ஒன்பதாம் வகுப்புல ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒண்ணு இருக்கு, ட்ரஸ்ட்னு சொல்லுவாங்க. தொகை சின்னதுதான், ஆனா கேள்வி எட்டாம் வகுப்பு அளவுல இருக்கும், மனத்திறனும் உண்டு. அதனால ஏப்ரல் மாசம் லீவு விட்டதும் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதே.