நினைவு மலர் எழுதும் தம்பிக்கு



ஏர்பேட்டிலிருந்து நீ அனுப்பிய நினைவு மலர் வரைவு கிடைத்தது. அந்த அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக் கூடுகைக்கு முன்னால் அச்சாக வேண்டும் என்கிறாய். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஜெபவீராங்கனை, உத்தம மனைவி, தியாகத் தாய் எல்லாம் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டன. பெயரை மட்டும் மாற்றினால் காளஹஸ்தியிலோ ரேணிகுண்டாவிலோ காலமான எந்த அம்மாவுக்கும் இதே மலர் பொருந்தும். அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த பக்தி அன்றாடம் என்ன பாடுபட்டது என்பதுதான் தெரியவில்லை.

நீதிமொழிகள் 31ஐ முழுசாகப் போட்டிருக்கிறாய். எல்லாரும் போடுவதுதான். ஆனால் அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார். அதில் வரும் பெண் நிலம் பார்த்து வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து வியாபாரியிடம் விற்கிறாள். உன் மலரில் அம்மாவின் வேலை எங்கே? வீட்டு வரவுசெலவை யார் பார்த்தது? சீட்டு கட்டினாரா? நகை எப்போது அடகுக்குப் போனது, எப்போது மீண்டது? பிள்ளைகள் படித்த கதை அங்கேதான் கிடக்கும்.

பிடி அரிசியை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாய். அங்கேதான் நீ நின்றிருக்க வேண்டும். உலையில் போடும் முன் சபைக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பது நம் கிறிஸ்தவ வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் அரிசிக்கே தட்டுப்பாடான மாதத்தில் அவர் என்ன செய்தார்? பிள்ளைகளுக்கு அளந்த பிறகு எடுத்தாரா, அளக்கும் முன்பே எடுத்தாரா? டப்பா அடுக்களையில் எந்தப் பக்கம் இருந்தது? கணவர் முணுமுணுத்தாரா? மூத்த மகளைக் கேள், சொல்லுவார். மகன்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் தெரியாது, கோபித்துக்கொள்ளாதே.

உதாரணத்துக்கு, சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்துச் சத்தியநாதன் குடும்பத்தை எடுத்துக்கொள். அன்னாள் சத்தியநாதனைப் போதகரின் மனைவி என்றும், யோவான் தேவசகாயம் ஐயரின் மகள் என்றும் எழுதினால் தப்பில்லை. ஆனால் அவர் இந்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். வெளியே வராத பெண்களின் வீடு தேடிப் போய்ப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார். தமிழில் 'நல்ல தாய்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். 1878இல் அவர் இறந்தார்.

அவர் மகன் சாமுவேலின் முதல் மனைவி கிருபாபாய். தன் பெற்றோரின் வாழ்க்கையை 'சகுணா' நாவலில் எழுதியவர். அதில் வரும் தாய் ராதா எடுத்த எடுப்பில் ஜெபம் பண்ணுகிறவள் அல்ல. கணவர் கிறிஸ்தவரானதும் மிரண்டு போகிறாள், எதிர்க்கிறாள், பிறகு மெல்ல மெல்லத்தான் விசுவாசத்துக்கு வருகிறாள். அந்தத் தயக்கம் எழுத்தில் இருப்பதால்தான் பிற்கால பக்தியை நம்மால் நம்ப முடிகிறது. நீ எழுதும் அம்மாவுக்கும் கோயில் பக்கமே போகாத வாரங்கள் இருந்திருக்கும். ஏன் என்று விசாரி. வீட்டார் வேண்டாம் என்றால் விட்டுவிடு; ஆனால் கேட்காமல் விடாதே.

கிருபாபாய் 1894இல் மறைந்தார். அதன்பின் சாமுவேல் மணந்த கமலா தெலுங்கு நாட்டுப் பெண், உங்கள் பக்கத்து மொழிக்காரர். 1901இல் 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' தொடங்கினார். எழுத்தாளர் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' கதை 1905இல் முதலில் வந்தது அதில்தான். அடுத்த வருஷமே கணவர் போய்விட்டார். பிள்ளைகளையும் பத்திரிகையையும் அவரே பார்த்துக்கொண்டார். 1956இல் மகள் பத்மினி சென்குப்தா அவர் வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்த மகள் ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. அந்தச் சங்கடம் நல்லது. உன் மலருக்கும் அது வரட்டும்.

இன்னொன்று. அம்மா 1948இல் திருப்பதி மாவட்டத்தில் பிறந்தார் என்று போட்டிருக்கிறாய். அந்த மாவட்டமே 2022 ஏப்ரலில்தான் உண்டானது. அவர் பிறந்தபோது ஏர்பேடு சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம், 1956இல் ஆந்திரப் பிரதேசம். ஊரை விட்டு நகராமலே அம்மாவின் விலாசம் இத்தனை தடவை மாறியிருக்கிறது. அதையே ஒரு பத்தியாக எழுதலாமே.

பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது என்கிறாய். அப்படியானால் பாதிப் பக்கம் தெலுங்கில் போடு. தமிழை அப்படியே தெலுங்காக்காமல், பாட்டியைப் பற்றி அவர்களையே சொல்லவிட்டு எழுதிக்கொள். போதகரின் செய்தி ஒரு பக்கம் போதும். எம்.எல்.ஏ. படம் வேண்டவே வேண்டாம்.

அம்மாவுடைய வேதாகமத்தின் முன்தாளைப் படம் எடுத்து அனுப்பு. பிள்ளைகள் பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் அவர் கையாலேயே எழுதியிருக்கலாம். பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால் அம்மா எழுதிய தேதியையே அச்சில் போடு.

அன்புடன்,
அண்ணன்