தைப்பூசப் படம் ஏன் புள்ளி புள்ளியாக வருகிறது?



போன தைப்பூசத்துக்கு என் தங்கச்சி முதல் முறையாகப் பால்குடம் எடுத்தாள். சுங்கை பாக்காப்பிலிருந்து கிளம்பி, விடியுமுன்னே தண்ணீர்மலை சேர்ந்தோம். படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால், பந்தல் விளக்கு வெறும் வெள்ளை. அவள் முகமோ இருட்டில், மணல் தூவின மாதிரி. "பரவாயில்லைய்யா, அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்றார் அம்மா. ஆனால், முதல் பால்குடம் மறுபடி வராதே! பொறியியல் படிக்கிறவன் காரணம் தேட வேண்டாமா? தேடினேன்.

மணல் எங்கிருந்து வருது?

ஒளி, மழைத்துளி போலத் துகள் துகளாக விழுகிறது. சீரான மழையிலும் பக்கத்துப் பக்கத்துக் குவளைகளில் துளிகள் சமமாக இருக்காது. சராசரி 100 துகள் என்றால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம் 10, அதாவது 10 விழுக்காடு. 10,000 துகள் என்றால் 100, வெறும் 1 விழுக்காடு. அந்த ஏற்ற இறக்கம்தான் நாய்ஸ். ஐ.எஸ்.ஓ-வைக் கூட்டினால் படம் வெளிச்சமாகும். விழுந்த ஒளி கூடாது.

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ., பரப்பு 864. ஏ.பி.எஸ்-சி சுமார் 367. சிறிய கைப்பேசி சென்சார் சுமார் 24தான். ஒரே காட்சி, ஒரே ஷட்டர் நேரம், ஒரே எஃப் எண் என்றால், ஃபுல் ஃபிரேமுக்கு 36 மடங்கு ஒளி. படம் 6 மடங்கு சுத்தம்.

விளக்கு ஏன் வெந்துபோச்சு?

குவளை நிரம்பி வழிந்தால் வெள்ளைதான். அடியில் இருப்பதையோ மின்சுற்றின் நாய்ஸ் மறைத்துவிடும். இரண்டுக்கும் இடையில் உள்ளதே டைனமிக் ரேஞ்ச். உதாரணம்: 6,000 எலக்ட்ரான் பிடிக்கும் குவளை, நாய்ஸ் 3 என்றால் 2,000 மடங்கு, சுமார் 11 ஸ்டாப். 48,000 பிடித்தால் 16,000 மடங்கு. சுமார் 14 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு. விளக்கும் முகமும் ஒரே படத்தில் வர, இந்த இடம் வேணும்.

அப்போ கடன் வாங்கி கேமரா வாங்கலாமா?

பி.டி.பி.டி.என் பணத்தில் வாங்கிடலாம்னு எனக்கும் ஆசை வந்தது. கணக்குப் போட்டேன். ஏ.பி.எஸ்-சி, கைப்பேசியைவிட 15 மடங்கு பெரிது. ஆனால் கூடவே வரும் லென்ஸ் எஃப்/3.5, கைப்பேசியில் எஃப்/1.8. லென்ஸிலேயே ஏறக்குறைய 4 மடங்கு ஒளி போய்விடும். மிஞ்சும் லாபம் 4 மடங்குதான். கைப்பேசி 4 படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்தால் அதுவும் கிட்டத்தட்ட சமம். நடக்கிறவர்கள் மேல்தான் அந்த வித்தை சரியாகப் பலிக்காது. ஒவ்வொரு படத்திலும் அவர்கள் இடம் மாறிவிடுவார்களே.

ஆகவே, ஆசையை அடக்கிக்கொண்டு மூன்று வழி:

1. விளக்கு முகத்தில் விழும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். பின்னால் விளக்கு வேண்டாம்.

2. விளக்கைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். வெந்துபோனது திரும்ப வராது. இருட்டைக் கொஞ்சம் தூக்கலாம்.

3. நண்பரின் கேமராவை இரவல் கேட்டால், எஃப்/1.8 லென்ஸையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போதுதான் அந்த 15 மடங்கும் முழுசாகக் கைக்கு வரும்.

அடுத்த பூசத்துக்குத் தங்கச்சி மறுபடி பால்குடம் எடுக்கிறாள். இந்த முறை, விளக்குக் கம்பம் எங்கே என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் நிற்பேன்.