லேப்ரடாருக்கு லிம்போமா

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு லிம்போமா என்கிறார்கள். வாயில்லா ஜீவனுக்குக் கீமோ கொடுத்து வதைக்கலாமா?

பதில்: மனிதருக்குத் தரும் கீமோவை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். அங்கே பெரும்பாலும் நோயை வேரோடு அறுக்கப் பார்ப்பார்கள். உடம்பு படும் பாட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நாய்க்கு நோக்கமே வேறு: இருக்கும் நாளை நன்றாக வைத்திருப்பது. அதனால் மருந்தின் அளவும் குறைவு. வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைட், டாக்சோரூபிசின் மூன்றையும் மாற்றி மாற்றி ஐந்தாறு மாதம் தருவார்கள். தொடக்க வாரங்களில் பிரெட்னிசலோனும் உண்டு. பல நாய்களுக்கு ஓரிரு நாள் வாந்தியோ பேதியோ வந்து போகும். முடி கொட்டுவது பெரும்பாலும் பூடில் மாதிரி இனங்களுக்குத்தான். வெள்ளணு குறைந்து காய்ச்சல் வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

சிகிச்சையே இல்லையென்றால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். கீமோவில், பி செல் வகையென்றால் பத்தில் எட்டு நாய்களுக்காவது தாடைக்கடியில் புடைத்த கட்டிகள் கரைந்து, ஏறத்தாழ ஓராண்டு கிடைக்கிறது. டி செல் வகையில் குறைவு. ‘எப்படியும் திரும்பி வரும் நோய்க்கு இவ்வளவு செலவா?’ என்பார்கள். பெரும்பாலும் திரும்பத்தான் வரும். ஆனால் பன்னிரண்டு வயது வாழும் பிராணிக்கு ஓராண்டு சின்னக் கணக்கல்ல. வசதியில்லாதவர் பிரெட்னிசலோன் மட்டும் கொடுத்து ஒன்றிரண்டு மாதம் நிம்மதியாக வைத்திருப்பதும் குற்றமில்லை. கீமோ யோசனை இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை முன்கூட்டித் தொடங்காதீர்கள். புற்றணுக்கள் அதற்குப் பழகிவிட்டால் பிறகு கீமோவும் சரியாகப் பிடிக்காது.