பாவையும் தறியும்

சந்தவாசலையும் ஆரணியையும் சூழ்ந்த ஊர்களில் பட்டுத் தறியின் ஓசை நாளும் பழகிய ஓசையாகும். பூவேலைப்பாடு மிக்க சேலை நெய்யும் தறியைக் கண்டோர், நெசவாளரின் தலைக்குமேல் ஒரு பெட்டி அமைந்திருப்பதையும், துளையிட்ட அட்டைகளைக் கோத்த மாலை ஒன்று அதிலிருந்து தொங்குவதையும் நோக்கியிருப்பர். நெசவாளர் மிதியை மிதிக்க, அட்டை ஒன்று நகர்கிறது. பாவு நூல்களுள் சில எழுகின்றன, சில தாழ்ந்தே கிடக்கின்றன. இடையே நாடா ஓடுகிறது. மாங்காயும் மயிலும் கொடியும் இவ்வாறே சேலையில் தோன்றுகின்றன. அப்பெட்டியை ஜக்கார்டுப் பெட்டி என்பர். அதன் முன்னோரைத் தேடிச் சென்றால் நாம் சென்றடையும் இடம் நெசவுச்சாலை அன்று. மக்களுக்கு வேடிக்கை காட்டிய பொறிப்பாவைகளின் கூடம்!

உயிரின்றித் தானே இயங்கும் உருவங்களைப் பற்றி நம் புலவர்கள் நெடுங்காலம் முன்பே எண்ணியுள்ளனர். பெருங்கதை கூறும் உதயணன் வரலாற்றில், பிரச்சோதன மன்னன் பொறியானை ஒன்றைச் செய்வித்து, அதனுள் வீரரை ஒளித்துவைத்து, யானைகளின்பால் பெருவிருப்புடைய உதயணனைச் சிறைபிடிக்கிறான். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி, அரசி விசயையைச் சுமந்து வானிற் பறந்து சுடுகாட்டில் இறங்குகிறது. இவை காப்பியக் கற்பனைகள்.

கற்பனையன்றி மரத்தாற் செய்த பாவை ஒன்றும் தென்னாட்டில் இருந்தது. ஆரணியில் 1782-ஆம் ஆண்டு கும்பினிப் படையோடு பொருத ஐதர் அலியின் மைந்தர் திப்பு சுல்தான் அதனை வைத்திருந்தார். வெள்ளையன் ஒருவனை வீழ்த்தி, அவன்மேல் புலி பாய்ந்து நிற்பதாக அமைந்த பாவை அது. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் வீழ்ந்தவனின் கை எழுந்து தாழும், அவன் அலறுவான், புலி உறுமும். உள்ளே துருத்திகளும் குழல்களும் உள்ளன. 1799-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அது கும்பினியார் கைப்பட்டது. இன்று இலண்டன் மாநகரத்து விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பகைவர்மேல் மன்னர் கொண்ட சினத்தை அது இன்றும் காட்டுகிறது. ஆயினும் ஒருவர் நின்று சுழற்றினாலன்றி அப்புலி உறுமாது.

இன்ன வினையை முன்னும் இன்ன வினையைப் பின்னும் செய்க என்று ஒரு பாவைக்கு எவ்வாறு கற்பிப்பது? அலெக்சாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹீரோன் என்பவர் இதற்கு எளிய வழி கண்டார். தானியம் நிரப்பிய குழாயின்மேல் ஓர் எடையை அமர்த்தினார். அடியிலுள்ள துளைவழியே தானியம் ஒழுக ஒழுக, எடை மெல்ல இறங்கும். அதனொடு பிணித்த கயிறு ஓர் அச்சைச் சுழற்றும். அச்சில் கயிற்றைச் சுற்றிய முறைக்கேற்ப அவருடைய நாடகப் பாவைகள் முன்னும் பின்னும் இயங்கின. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூசா உடன்பிறப்பினர், கயிற்றுக்கு மாறாக முளைகள் பதித்த உருளையைக் கொண்டு குழலைத் தானே இசைக்கச் செய்யும் முறையை எழுதிவைத்தனர். உருளை சுழல, முளைகள் குழலின் துளைகளை மூடியும் திறந்தும் பண்ணை எழுப்பும்.

பிரெஞ்சு நாட்டு வோக்கான்சன் 1738-ஆம் ஆண்டு பாரிசு நகரில் காட்டிய பாவையும் குழலூதுவதே. ஆளளவு நின்ற அப்பாவையின் உள்ளே துருத்திகள் மூச்செறிந்தன. இதழும் நாவும் விரலும் உண்மையாகவே அசைந்தன. பன்னிரண்டு இசைகளை அது ஊதிற்று. அவர் செய்த வாத்தோ சிறகடித்தது, தானியம் கொத்தியது, எச்சமும் இட்டது! அதன் வயிற்றில் உணவு செரிப்பதாக அவர் கூறியது மட்டும் ஏமாற்று. தின்றது ஓரிடத்தில் தங்க, முன்பே நிரப்பி வைத்தது மற்றோரிடத்திலிருந்து வந்தது. ஆயினும் சிறகின் நுட்பம் போலியன்று.

1741-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு இவரைப் பட்டுத் தொழிலின் மேற்பார்வையாளராக்கியது. அக்காலத்தில் பூவேலைத் தறியின் அருகே சிறுவரோ சிறுமியரோ நின்று, உரிய நூல்களைக் கயிற்றால் இழுத்துக் கொடுப்பர். நாள் முழுவதும் நீளும் கொடிய உழைப்பு அது. பாவையின் விரலை உயர்த்திய உருளை பாவு நூலை உயர்த்தாதோ என்று வோக்கான்சன் எண்ணினார். ஆனால் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் அவர் கொணர்ந்த விதிகளை வெறுத்து, 1744-ஆம் ஆண்டு கிளர்ந்தெழுந்தனர்; அவர் மாறுவேடம் பூண்டு தப்பினார். மறு ஆண்டு அவர் செய்து முடித்த தறி, ஏற்பாரின்றிக் கிடந்தது.

அதனை ஆராய்ந்தவர் ஜக்கார்டு. அவர் உருளைக்கு மாறாகத் துளையிட்ட அட்டைகளை மாலையாகக் கோத்து, 1804-ஆம் ஆண்டளவில் தம் பொறியை அமைத்தார். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், கொக்கி நூலை உயர்த்தும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், நூல் கிடந்தபடி கிடக்கும். வேறு பூ வேண்டுமாயின் அட்டைமாலையை மாற்றினாற் போதும். இதனையும் நெசவாளர் எதிர்த்தனர். கூலியை நம்பி வாழ்ந்த அவர்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளுதல் தகாது. எனினும் கயிறிழுக்கும் வேலையிலிருந்து சிறுவரை மீட்டது இப்பொறியே.

'ரோபோ' என்னும் சொல்லும் ஒரு நாடகத்திலிருந்து வந்ததே. 1921-ஆம் ஆண்டு பிராகு நகரில் மேடையேறிய காரெல் சாபெக்கின் நாடகம் அதனை உலகிற்கு அளித்தது. கட்டாய ஊழியம் என்னும் பொருளுடைய செக்குமொழிச் சொல் அதன் வேர்.

ஆங்கில அறிஞர் பாபேசு 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு ஜக்கார்டின் அட்டைகளையே கைக்கொண்டார். பின்னாளில் கணிப்பொறிகளும் நெடுங்காலம் துளையட்டைகளைப் படித்தே வேலை செய்தன. இன்று தறிக்குரிய பூவைக் கணிப்பொறித் திரையில் வரைந்து, அதற்கேற்ப அட்டை துளைக்கின்றனர். சில தறிகளில் அட்டையும் நீங்கி, மின்னணுப் பெட்டியே நூலை எழுப்புகிறது. எழுந்த நூல்களிடையே நாடாவைச் செலுத்துவதும், நெய்த இழையை நெருக்கம் அறிந்து தட்டுவதும், அறுந்த ஒற்றை இழையைக் கண்டுபிடித்து முடிச்சிடுவதும் ஆரணிக் கைத்தறியில் இன்றும் நெசவாளரின் கைவேலையே.